நல்ல கலங்களுக்கு என்ன நடந்தது

இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் விரல்களில் சீத்தா இனத்து அன்னமுன்னா இலையின் பச்சை வாசம் போகவில்லை. ஆய்வுகூடத்தில் இன்று பின்னேரம் பார்த்ததை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும், சிநேகிதி. நீ இல்லாமல் போனாலும் அதில் மாற்றமில்லை.

வெள்ளவத்தையில் உன் வீட்டுக்கு நான் ஓடி வந்த நாள் நினைவிருக்கிறது. உனக்குப் புற்றுநோய்க்கு மூன்றாம் தரம் மருந்தேற்றி ஒரு கிழமை. செருப்பைக் கழற்ற முன்பே சொன்னேன்.

“இலைச்சாறு விட்ட தட்டில புற்றுநோய்க் கலமெல்லாம் செத்துப்போச்சடி.”

“நோயில்லாத நல்ல கலத்துக்கு என்ன நடந்தது?”

“அது இன்னும் செய்து பாக்கேல்ல.”

நீ தலையில் கட்டியிருந்த துணியைத் தொட்டுக் காட்டினாய். “கொல்லுறது பெரிய விசயமே? என்ர மருந்தும்தான் கொல்லுது, தலைமயிரையும் சேர்த்து.”

பிறகு குசினியிலிருந்து ஒரு பை நிறைய அதே அன்னமுன்னா இலையைக் கொண்டுவந்தாய். கொட்டாஞ்சேனையிலிருந்து உன் மாமி அனுப்பியது. “அன்டிஒக்சிடன்ட் நிறைய எண்டு மாமி சொல்லுறா. இதை அவிச்சுக் குடிச்சுக்கொண்டு ஆஸ்பத்திரியை விடட்டா?”

நீ சிரிக்கவில்லை. நான் ஓம் என்றால் விட்டுவிடுவாய் என்பது தெரிந்தது.

“விடாத. தட்டில நடக்கிறது உடம்பில நடக்குமோ எண்டு எனக்குத் தெரியாது.”

“இத்தனை வருசமா இலை அரைக்கிற. தெரியாதெண்டு சொல்ல வெக்கமா இல்லையோ?”

“இருக்கு.”

பையைக் குப்பைக்கூடையில் போட்டாய். ஆஸ்பத்திரிக்குப் போனாய். அதன் பிறகு ஒன்றரை வருடம் இருந்தாய். உன் மகளின் பரீட்சை முடிவைப் பார்த்து, கணிதத்துக்கு ஏன் பி என்று சண்டையும் பிடித்தாய்.

அந்தச் சாறு நல்ல கலங்களையும் கொன்றது. நீ கேட்டிராவிட்டால் அதை எத்தனை காலம் கழித்துப் பார்த்திருப்பேனோ. பிறகு சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சோதித்து வந்தேன். இன்று ஒரு பகுதியில் புற்றுநோய்க் கலங்கள் சுருங்கி மிதக்கின்றன. பக்கத்துத் தட்டில் அதே பகுதி விட்ட நல்லவை அப்படியே ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கின்றன. தட்டுகளை மாற்றி வைத்துவிட்டேனோ என்று மூன்று தரம் பெயரைப் பார்த்தேன்.

இது ஒரு நாள் முடிவுதான். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மருந்தா என்று யாரும் கேட்டால் இப்போதும் தெரியாது என்றுதான் சொல்வேன்.

எங்கள் ஆய்வுகூடத்தில் எந்த இலை வந்தாலும் இப்போது நல்ல கலத்தில்தான் முதல் துளி விடுகிறோம். புதிதாக வருபவர்கள் ஏன் என்று கேட்பார்கள். இங்கே முறை அதுதான் என்பேன். அந்த முறையைத் தந்தவள் விஞ்ஞானமே படிக்காதவள் என்பதை மட்டும் நான் சொல்வதில்லை.