கரி அள்ளத் தெரியாத பயர்மன்

1987 பெப்ரவரி 24, செவ்வாய்
அகதி அப்பீல் விசாரணைக்கு நாள் வந்துவிட்டது: ஏப்ரல் 9. முதல் விண்ணப்பத்தில், 'குகதாசன் ரயிலில் வேலை செய்ததற்கு ஆதாரமில்லை' என்று தள்ளிவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் காங்கேசன்துறை வண்டியில் எஞ்சின் நெருப்பைப் பார்த்த பயர்மன் நான். ஆதாரமெல்லாம் வீட்டோடு எரிந்தது. சாம்பலையா கட்டி அனுப்ப? தோற்றால் ஊர். ஊருக்குப் போனால் ஆமி பிடிக்கும்.

மார்ச் 1, ஞாயிறு
பயணச்சீட்டுக் கடை மர்கரீத் அம்மா புதுச்சேரிக்காரி. அவர் கணவரும் சில கிழவர்களும் பழைய நீராவி எஞ்சின் ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். முன்பு பட்டாளத்துக்கு ரயில் ஓட்டப் பழக்கிய எஞ்சின். அங்கே பழக்கிய பிரெஞ்சுக்காரர் முசியே மொரோ சான்றுக் கடிதம் தருவார் என்று அம்மா கூட்டிப்போனார்.

மொரோ கரி அள்ளும் சவளை நீட்டினார். முழித்தேன். எங்கள் எஞ்சின் எண்ணெயில் ஓடியது. வால்வைத் திருகினால் நெருப்பு. கரியை நான் அள்ளியதே இல்லை! எறிந்ததில் பாதி என் காலிலேயே விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

"பயர்மன்னு சொல்லிட்டு கரி போடத் தெரியலையேன்னு கேக்குறாரு," என்றார் மர்கரீத் அம்மா. எண்ணெய் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரிக் கேட்டது.

மார்ச் 2
ஐயோ, என்ரை சீவியத்தை நானே நிரூபிக்கேலாமல் நிக்கிறன்.

மார்ச் 14, சனி
மொரோவின் கடிதம். அறையில் கூட இருக்கும் இஞ்ஞாசி வாசித்தான்: 'இவருக்குக் கரி போடத் தெரியாது. ஆனால் அன்று கொதிகலனுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்பதை எங்களுக்கு முன்பே சத்தத்தில் கண்டுபிடித்தார். எண்ணெய் எஞ்சின் என்று இவர் சொல்வதை நம்புகிறேன்.'

"முதல் வரியே உங்களைக் கவிழ்க்குது அண்ணை. இதைக் குடுக்காதேங்கோ. இஞ்சை அவங்கள் நம்புறதைத்தான் சொல்ல வேணும். ஸ்டீம் எண்டால் கரி."

அவன் கேஸ் வென்றவன். நான் என்னத்தைக் கண்டேன்? கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்
விசாரணையில், எஞ்சினில் என்ன எரித்தீர்கள் என்று கேட்டார்கள். கரி என்றேன். எப்படி அள்ளுவோம், எங்கே பரப்புவோம் என்று கையால் காட்டினேன். ஒருவர் திரும்பவும் கேட்டார். கரிதான் என்றேன்.

மே 20, புதன்
முடிவு வந்தது. இஞ்ஞாசி பாதியில் நிறுத்தினான். "வாசி," என்றேன்.

'அந்தப் பாதையின் எஞ்சின்கள் எண்ணெயில் ஓடியவை. கரி அள்ளியதாகச் சொல்பவரை ரயில் ஊழியர் என்று நம்ப முடியாது.'

உண்மை அவர்கள் கையிலேயே இருந்திருக்கிறது. நான்தான் — படுபாவி, நான்தான் —

இஞ்ஞாசி அழுதான். அவனை ஏசவில்லை. நாக்கு என்னுடையதுதானே.

ஜூன் 9, செவ்வாய்
லா கூர்னெவ் புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிறேன். ஜெர்மனிக்குப் போய்விட்ட இராஜதுரையின் விசா கார்டில், அவன் பெயரில் வேலை. இன்று "இராஜதுரை!" என்று கூப்பிட்டதும் முதல் தரத்திலேயே திரும்பிவிட்டேன்.