டாக்டருக்குப் பின்னால் நின்றவன்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஊர்க் குளிர் கொஞ்சமாவது இறங்கியதா. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன், மேலே தெரிகிறதே அந்தக் கோடு அதுதான். அப்பா சுகம், நான் சுகம், அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கைத்தடியோடு நடமாடுகிறார், அவர் அதைச் சுழற்றுகிற வேகத்தைப் பார்த்தால் நடக்கத்தான் வாங்கினாரா, எங்களை அடிக்க வாங்கினாரா என்று சந்தேகமாக இருக்கிறது. தம்பியைப் பற்றி மட்டும் அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ சிரித்து மழுப்புவாய், அப்பா பிடுங்கி ரக்பி ஸ்கோர் சொல்லுவார், அவனும் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். காகிதத்தில் என்றால் நான் முடிக்கும் வரை யாரும் குறுக்கே பேச முடியாது. கடையில் என்னோடு வேலை பார்க்கும் பெண் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். கடைசி வரை படி, நடுவில் எழுந்து போகாதே.

உன் பழைய கல்லூரி அணி இந்த சீசனில் கோப்பை வாங்கிய கதையை அப்பா உனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஆரம்பத்தில் வரிசையாகத் தோற்று, இனி தேறமாட்டார்கள் என்று ஊரே கைகழுவிய பிறகு, தம்பி கேப்டனாகி ஒவ்வொன்றாக ஜெயித்து இறுதி ஆட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். சீசன் முடிந்ததும் அணி முழுவதும் ஒரு வீட்டில் கூடிப் பேசுவார்களே, அந்தக் கூட்டம் போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் நடந்தது. உன் காலத்தில் அது வேறு யார் வீட்டிலாவது நடக்கும், அதனால் நான் பார்த்ததே இல்லை. வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவனும் தன் இடப்பக்கம் இருப்பவனைப் பற்றி மட்டும் பேச வேண்டுமாம், தன்னைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாதாம். நல்ல வழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன், நம் சொந்தக்காரர்களுக்கும் இதை யாராவது கற்றுக்கொடுத்தால் தேவலை. சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டுப் பாய் விரித்தோம். தூண் என்று பட்டப்பெயர் வைத்த ஒரு பையன், அவன் உட்கார்ந்த நாற்காலி முனகியதை நான் சமையலறையிலிருந்தே கேட்டேன். பேசப் பேச எனக்கு அந்தப் பிள்ளைகளை மிகவும் பிடித்துப்போயிற்று. தகப்பனாரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து ஆடியவனைப் பற்றி ஒருவன் சொன்னான், தோற்ற ஆட்டங்களில் எல்லோருடைய சட்டையையும் வாங்கித் துவைத்தவனைப் பற்றி இன்னொருவன் சொன்னான். அவ்வளவு பெரிய உருவங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டிய முறை தூணுக்கு வந்தது. அவன் ஆரம்பித்ததும் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு ஆட்டத்தில் தம்பி எவனையோ மடக்கிக் கீழே விழுந்து எழுந்தவன், இடைவேளையில் நேராக எதிரணிக்காரர்கள் கூடியிருந்த இடத்துக்குப் போய், அவர்கள் நடுவில் நின்று, அவர்கள் தண்ணீரையே வாங்கிக் குடித்தானாம். அறை முழுவதும் சிரிப்பு. அரை இறுதி முடிந்து பஸ்ஸில் வரும்போது, யார் ஜெயித்தது என்று கேட்டானாம், நாமதான் என்றதும் எழுந்து ஆடினானாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் யார் ஜெயித்தது என்று கேட்டானாம், மறுபடியும் ஆடினானாம். அப்புறம் இவர்களே வேண்டுமென்று அவனைக் கேட்க வைத்துக் கேட்க வைத்து ஊர் வந்து சேரும் வரை ஆடவிட்டார்களாம். அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் முதலில் சிரித்தேன். பிறகு பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு சமையலறை வாசற்படியில் வந்து நின்றேன், ஏனென்றால் அவன் சிரிக்கவில்லை, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் சிரித்த பிறகு சிரித்தான். யாருடைய கதையையோ கேட்பவன் மாதிரி இருந்தான்.

அடுத்து அவன் முறை. அவனுக்கு இடப்பக்கம் இருந்தது சீசன் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்த பையன். இறுதி ஆட்டத்தின் கடைசியில்தான் அவனை இறக்கினார்கள், தம்பிதான் பயிற்சியாளரோடு வாதாடி இறக்கினானாம், அவன் போய்ப் பந்தைக் கோட்டைத் தாண்டி வைத்ததால்தான் கோப்பை வந்தது. அவனைப் பற்றிச் சொல்ல அது ஒன்றுதான் உண்டு, அங்கே எல்லோருக்கும் அது தெரியும், அந்தப் பையனும் அதைக் கேட்கத்தான் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தான். தம்பி பேசவே இல்லை. வாயைத் திறந்தான், மூடினான். அப்புறம் அவன் பார்வை அப்பாவின் தோளுக்கு மேலே போயிற்று. அப்பாவுக்குப் பின்னால், பிரிட்ஜில் சாய்ந்துகொண்டு, அணில் என்று அவர்கள் கூப்பிடும் பையன் நின்றான். உருவத்தில் சிறியவன், ஓட்டத்தில் கெட்டிக்காரன், ஸ்கிரம் என்று தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்களே, அதிலிருந்து பந்தைப் பொறுக்கி எடுப்பவன். அவன் கழுத்தைச் சொறிவதுபோல் கையைத் தூக்கி, முதலில் ஐந்து விரலையும் விரித்தான், பிறகு இரண்டு விரல், மறுபடி இரண்டு விரல். உடனே தம்பி தடையில்லாமல், 'பைனல், செகண்ட் ஹாஃப், இருபத்திரண்டாம் நம்பர், அந்தக் கடைசி ஓட்டம், அதை எப்படிடா மறப்பேன்' என்றான். அந்தப் பையன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான், எல்லோரும் கை தட்டினார்கள். நான் அணிலின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் எத்தனை வருஷமாக ஆட்களை எழுத்துப் பலகை முன்னால் உட்கார வைக்கிறேன். லைசென்ஸ் புதுப்பிக்க வருகிறவர்களில் சிலர் முன்னால் போனவன் வாசித்ததைக் காதில் வாங்கி மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள், எழுத்தைப் பார்க்காமலே ஒப்பிப்பார்கள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். நம் பிள்ளை அப்படித்தான் ஒப்பித்தான்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு அணில் உள்ளே வந்தபோது கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவன், முதலில் கொசு கடித்தது என்றான். நான் அசையவில்லை. பிறகு, 'அம்மா, இதுல தப்பு ஒண்ணும் இல்ல, பெரியண்ணன் சொல்லிக் கொடுத்ததுதான்' என்றான், பெருமையாகவே சொன்னான். தலையில் அடிபட்டவன் முன்னால் மைதான டாக்டர் வந்து குனிந்து, இது எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன வாரம் ஜெயித்தோமா தோற்றோமா என்று கேட்பாராம். ஒன்று தப்பினாலும் ஆள் வெளியே. அதற்காக நீ உன் கேப்டன் காலத்தில் ஒரு ஏற்பாடு செய்தாயாம். ஒருவன் கவலைப்படுகிறவன் மாதிரி டாக்டருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், காதைத் தொட்டால் நம் மைதானம், மூக்கைத் தொட்டால் வெளி மைதானம், மூடிய கை முதல் பாதி, விரித்த கை இரண்டாம் பாதி, விரல்களில் சட்டை நம்பர். புதிதாக அணியில் சேருகிறவனுக்குப் பந்தைப் பிடிக்கக் கற்றுத்தருவதற்கு முன்னால் இதைக் கற்றுத்தருகிறார்களாம், பெரியண்ணன் பாடம் என்றே பெயராம். தம்பிக்கு எத்தனை தடவை காட்டினாய் என்று அணிலைக் கேட்டேன். குழாயைப் பார்த்துக்கொண்டு, 'எல்லா மேட்ச்லயும் இல்லம்மா' என்றான். இன்றைக்கு இங்கே எந்த டாக்டர் இருந்தார் என்று கேட்டேன். அப்போதுதான் தலையைத் தொங்கப் போட்டான். 'அவனுக்கு பைனல் ஞாபகமே இல்லம்மா. கப் வாங்கினதைக்கூட போட்டோ பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டான். அந்தப் பையன் மனசு உடைஞ்சிடக் கூடாதேன்னு காட்டினேன்' என்றான்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். இரண்டு நாள் உன் போட்டோ பக்கமே நான் திரும்பவில்லை. கூட ஆடுகிறவனைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நீ நினைத்திருப்பாய், இந்தப் பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஒருவன் முகத்திலும் கள்ளம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. கள்ளம் இருந்தால் அதட்டலாம், அன்பை எப்படி அதட்டுவது. வீட்டில் நடப்பதையெல்லாம் இப்போது சேர்த்துப் பார்க்கிறேன். பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருக்கிறான். புத்தகத்தைத் திறந்தால் எழுத்து நகர்கிறது என்கிறான். கடைக்கு அழைத்துப் போய் நானே பரிசோதித்தேன், கண்ணில் ஒரு குறையும் இல்லை, குறை இருந்தால் ஒரு கண்ணாடி போட்டு முடித்திருப்பேன். முட்டை வாங்கிவந்து வைத்துவிட்டு மறுபடியும் போய் முட்டை வாங்கி வருகிறான். அத்தையிடம் ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுந்தான், அவன் அப்படிப் பேசுகிற பிள்ளையே இல்லை.

அப்பாவிடம் சொன்னேன், ஆட்டம் என்றால் அடிபடத்தான் செய்யும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இரு என்றார். அவருக்கும் உள்ளூர உதறல்தான், விளக்கை அணைத்த பிறகு அவன் அறைக் கதவருகே போய் நிற்கிறார், கேட்டால் தண்ணீர் குடிக்க எழுந்தேன் என்கிறார். பயிற்சியாளரிடம் போனேன். ஒவ்வொரு தடவையும் டாக்டர் பார்த்து, கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்ன பிறகுதான் அனுப்பினார், நீங்கள் கவலைப்படவே வேண்டாம் என்று என்னை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். விரல் விஷயத்தை அங்கே நான் சொல்லவில்லை. சொன்னால் கோப்பை போகும், அணில் கல்லூரியிலிருந்தே போகலாம், அவன் வீட்டில் அவன்தான் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன். முதலில் தம்பியிடமே பேசிப் பார்ப்போம் என்று வந்தேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா. அண்ணன் ஆடினாரே, அண்ணனுக்கு என்ன ஆயிற்று, நன்றாகத்தானே இருக்கிறார் என்றான். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

வருகிற சனிக்கிழமை பல்கலைக்கழக அணிக்கான தேர்வு ஆட்டம். அவனையும் தூணையும் கூப்பிட்டிருக்கிறார்கள், அணில் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் உள்ளே வர ஏற்பாடு செய்திருக்கிறானாம். இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் கடைக் கண் டாக்டரிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். ஆறாத தலையில் மறுபடி அடிபட்டால் எழுந்திருக்காமலே போகலாம் என்றார், சொல்லிவிட்டு யாருக்கு என்று திருப்பிக் கேட்டார், பக்கத்து வீட்டில் என்றேன். அதனால் இதைக் கேள். இதைப் படித்து முடித்ததும் நீ அவனைக் கூப்பிட வேண்டும். அம்மா சொன்னாள் என்று சொல்லாதே. நான் சொல்லிக் கொடுத்தது தப்பு என்று உன் வாயால் சொல், அவனிடமும் சொல், அணிலிடமும் சொல், அணி முழுவதையும் உட்கார வைத்துச் சொல். கிளப் அறையில் உன் படத்தைத் தொட்டுவிட்டுத்தான் ஆட்டத்துக்கு இறங்குகிறார்களாம், உன் சொல்லுக்குத்தான் அங்கே மதிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் அவன் ஆடமாட்டேன் என்று சொல்லாவிட்டால், சனிக்கிழமை நானே மைதானத்துக்குள் போய், அந்த டாக்டரிடம், ஒரு தடவை திரும்பிப் பாருங்கள் ஐயா என்று சொல்லிவிடுவேன். கோப்பை போனால் போகட்டும். அணிலுக்காகக் கல்லூரி முதல்வர் காலில் விழக்கூட எனக்கு வெட்கமில்லை. அதன் பிறகு தம்பி என்னோடு பேசமாட்டான், தெரியும். பேசாமல் இருக்கட்டும், பேசத் தெரிந்தவனாக இருந்தால் எனக்குப் போதும்.

உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன், இப்போது சில நாட்களாக அந்த வரிசையை மாற்றி ஆயுளை முதலில் கேட்கிறேன். அப்பாவின் ஆசீர்வாதமும் அத்தையின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காமல் செய். அணில் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான், அந்தச் சைகைகள் அதிகமாகத் தேவைப்பட்டதே பெரியண்ணனுக்குத்தான் என்று மூத்த பையன்கள் சொல்வார்களாம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீ போன் செய்தபோது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை மாற்றியாயிற்றா என்று கேட்டாய், மாற்றிவிட்டோம் என்றதும் அவ்வளவு சந்தோஷப்பட்டாய். அடுத்த தடவையும் அதையே கேட்டாய், அதே மாதிரி சந்தோஷப்பட்டாய். போன வாரமும் கேட்டாய். பிள்ளைக்கு வீட்டின் மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று நான் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அங்கே ஒரு நல்ல டாக்டரைப் போய்ப் பார், கண்ணா. நண்பர்கள் யாரையும் கூட்டிக்கொண்டு போகாதே, தனியாகப் போ. அவர் கேட்பதில் தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
அம்மா