மரகதத்தின் உயரம்

செலண்டார் ரப்பர் தோட்டம்

அன்புள்ள கோமளாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் இருமல் நின்றதா? நம் மகள் மரகதம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

பால்மரம் வெட்டப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் கமலவேணி அக்கா இப்போது எழுத்தும் சொல்லித் தருகிறார். பிள்ளைகள் மணலில் ரப்பர் கொட்டைகளை அடுக்கி 'அ' போடுகிறார்கள். அதற்கு எங்கள் லயத்து வீடுகளில் எல்லோரும் ஏதாவது கொடுத்தார்கள். மஜீது பாய் தன் கடையின் சவுக்காரப் பெட்டிகளைக் கொடுத்தார். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உள்ளே அரிசி ஒளித்து வைத்திருக்கிறதா என்று தோட்டத்து கேட்டில் போலீஸ்காரர்கள் தட்டிப் பார்த்த பிறகே விட்டார்கள். என் பங்குக்கு அந்தப் பலகையில் பெஞ்சு செய்தேன்.

பிள்ளைகள் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கிறது! “என்னா தம்பி, தொட்டில் புள்ளைக்கா செஞ்ச? இதுங்களுக்கு நாலு வயசு லா!” என்று அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். நான் கப்பலேறிய அன்று மரகதம் என் முழங்காலைப் பிடித்து நின்றாளே, அந்த உயரந்தான் என் கைக்குத் தெரியும்.

இன்னொரு பெஞ்சு செய்ய வேண்டும். அவளுக்கும் இப்போது நாலு வயதுதானே? சுவரோரம் நிறுத்தி, உச்சி முதல் பாதம் வரை நூலால் அளந்து, அந்த நூலைப் பதிலோடு வைத்து அனுப்பு. பெஞ்சுக்காகத்தான்.

ஊரடங்குச் சங்கு ஊதுகிறது. அளக்கும்போது அவளை எக்கி நிற்க விடாதே. அதற்குள் அவ்வளவு வளர்ந்திருக்க மாட்டாள்.

பிச்சைமுத்து