தூரத்து மலையும் பழைய லென்ஸும்

பங்காருபாளையம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிரேமலதா கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, உள்ளே தூங்கும் புருஷன் கோபிகிருஷ்ணனுக்குச் சிரிப்பை அடக்கியபடி எழுதினாள்:

“மாமா, கொழம்பு அடுப்பு மேல இருக்குது, சுட வெச்சித் துன்னுங்க. ஸ்டூடியோ சாவி ஆணியில.

எங்கண்ணன் மஸ்கட்ல இருந்து கொண்டாந்த பழைய லென்ஸு டிஜிட்டல் கேமராவுக்கு ஒத்து வராது, தூரத்துல இருக்கிறதெல்லாம் மங்கலாதான் வரும்னு நேத்து கூட கத்தினீங்களே. கோளாறு லென்ஸுல இல்ல. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டுற ரிங்குதான் தடிப்பா இருந்துச்சி. உப்புத்தாள்ல தேய்ச்சித் தேய்ச்சி மெலிசாக்கிட்டேன். காலையில மாடியில இருந்து எடுத்தேன். மலை மேல பாறை ஒண்ணொண்ணும் தனியா தெரியுது. கம்ப்யூட்டர்ல போட்டிருக்கேன், பாருங்க.

புது லென்ஸு இல்லாம முடியாதுன்னு நீங்க விட்டுட்ட கல்யாணத்த நானே எடுக்கப் போய்க்கினு இருக்கேன். பொண்ணு வீட்டுல சொல்லிட்டேன்.

கோவமெல்லாம் இல்ல. தயிர் மூடி வெச்சிருக்கேன்.”

தாளில் இடம் தீர்ந்திருந்தது. ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

“இந்தச் சீட்டு மேல வெச்சிருக்கிற கல்லு இனிமே உங்களுக்குத்தான். ஸ்டூடியோவுல பில்லு பறக்காம இருக்க இத்தினி நாளா அந்த லென்ஸத்தானே வெச்சினு இருந்தீங்க.”