ஐந்தரைக் கட்டை

“அது உங்கள் கட்டை இல்லை அக்கா” என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

இன்று காலை பழைய போனிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தபோது, விரல் தவறிச் சுருதிப்பெட்டிச் செயலியின் மேல் பட்டுவிட்டது. மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவே தம்புரா ஒலிக்க ஆரம்பித்தது. மருந்து வாங்க நின்றவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். எனக்கு உடனே அணைக்க மனம் வரவில்லை.

நம் பழக்கம் தொடங்கியதும் அந்த ஜன்னலில்தான். சமவெளியிலிருந்து இந்த மலை ஆஸ்பத்திரிக்கு மருந்து கொடுக்கும் வேலைக்கு வந்த புதிதில் நான் யாரோடும் அதிகம் பேசமாட்டேன். நீங்கள் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வளப்பூர் நாடு என்ற உங்கள் மலையூரிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். ஒருநாள் என் மேசையில் கிடந்த நாடக நோட்டீஸைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, மாத்திரையம்மாவும் நாடகப் பைத்தியமுங்களா?” என்று கேட்டீர்கள். பின்னால் நின்றவர்களை மறந்து நாம் பேசிக்கொண்டே இருந்தோம்.

அதன்பிறகு புளியஞ்சோலைப் பக்கமோ துறையூர்ப் பக்கமோ எங்கே இசை நாடகம் என்றாலும் சேர்ந்தே போனோம். எனக்கு எல்லா நாடகமும் பிடிக்கும். உங்களுக்கு ஒரே ஒரு ஸ்திரீபார்ட். ராணி வேஷம் கட்டும் அந்தம்மா எந்த அடியில் மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் ஆர்மோனியக்காரரைத் திரும்பிப் பார்ப்பார் என்பதுவரை உங்களுக்கு மனப்பாடம். நான் நாடகங்களைப் பற்றிப் படித்ததைச் சொன்னால், “நீங்க படிச்சு அழுவீங்க, நான் கேட்டு அழுவேன். அழுகை ஒண்ணுதானுங்க” என்பீர்கள்.

போன வருடம் உங்கள் ஊர் ஆடி நோன்பிக்குக் கோயில் கமிட்டி சினிமாப் பாட்டுக் கச்சேரி வைக்கப் பார்த்தது. நாடகம்தான் வேண்டும் என்று நீங்கள் ஒற்றையாளாக நின்று பேசினீர்கள். கமிட்டித் தலைவர் உங்கள் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன். “இந்த ஒரு தடவை பாக்கறேன் புள்ள. சொதப்புச்சுன்னா, இனி இந்தக் கோயில்ல நாடகம்ங்கற பேச்சையே நீ எடுக்கக் கூடாது” என்றார். தலையாட்டிவிட்டு வந்தீர்கள். உங்கள் ஸ்திரீபார்ட்டையே பேசி முடித்தீர்கள்.

இந்த நாடகங்களுக்கு ஒத்திகை கிடையாது. ஒவ்வொருவரும் அவரவர் ஊரிலிருந்து தனித்தனியே வந்து மேடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். மழைக்குப் பயந்து அன்று பகல் நாடகம். ராஜபார்ட்டும் வாத்தியக்காரர்களும் காலை பஸ்ஸில் வந்துவிட்டார்கள். ராணி வந்த கார் மட்டும் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. ரோட்டில் மரம் விழுந்துவிட்டதாம்.

ராஜபார்ட் தனியாக எவ்வளவு நேரம்தான் பாடுவார்? சனம் எழுந்து துண்டை உதற ஆரம்பித்தது. “ஸ்பீக்கர்ல சினிமாப் பாட்டாவது போடுங்கப்பா” என்று யாரோ கத்தினார்கள். உங்கள் முகம் வெளுத்துவிட்டது.

ஆர்மோனியக்காரர் மைக்கில் கேட்டார்: “அந்தம்மா வர்ற வரைக்கும், ராணி பாட்டு தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?”

“என்ற ஊட்டுல ஒண்ணு இருக்குதுங்க” என்றார் உங்கள் வீட்டுக்காரர். “அது பாடறதால எங்க மரவள்ளிக் காட்டுப் பக்கம் கொரங்கே வர்றதில்லீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டீர்கள்.

தலைவர் குறுக்கே வந்தார். “நம்ம நாட்டுப் பொம்பள ஆரும் மேடையேறுனதில்ல புள்ள.”

“நாடகம் நின்னா நான்தான மாமா பதில் சொல்லோணும்? அங்க ஏறியே சொல்லிப்போடறனுங்க.”

“ஒரே பாட்டு. பிசிறடிச்சா எறக்கிப்போடுவேன்.”

மேடையில் ஆர்மோனியக்காரர், “எத்தனை கட்டைம்மா?” என்றார். குரல் நிற்கும் உயரத்துக்கு நாடகக்காரர்கள் சொல்லும் அளவு அது.

“அஞ்சரைங்க” என்றீர்கள், கொஞ்சமும் யோசிக்காமல்.

ஐந்தரை அந்தம்மாவின் கட்டை. பஸ் நிறுத்தத்தில் என் போனில் சுருதி வைத்துக்கொண்டு எத்தனையோ முறை பாடிப் பார்த்திருக்கிறோம், உங்களுக்கு நாலுதான். ஆனால் ஒரு ரசிகைக்குப் பாட்டோடு சேர்ந்து அதன் சுருதியும் அந்தம்மாவுடையதாகவே மனதில் பதிந்துவிடுகிறது போலும். தலைவர் மேடைப்படி அருகே, என்னிடமிருந்து கை எட்டும் தூரத்தில் நின்றார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், “கட்டையே தெரியலையா? எறங்கு” என்றிருப்பார். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

முதல் அடி நன்றாகவே வந்தது. இரண்டாவதில் உங்கள் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது அடியில், காட்டில் தொலைந்த பிள்ளையை ராணி கூப்பிட வேண்டும்; பாட்டு அங்கேதான் உச்சிக்குப் போகும். நீங்கள் போனீர்கள். குரல் கிழிந்தது.

பின்வரிசையில் விசில் பறந்தது. தலைவர் ஒரு படி ஏறினார். “போதும் சாமி, எறங்கு” என்றார் இரக்கத்தோடு. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்போது உங்கள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, எழுந்து நின்றுவிட்டார்.

நீங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஆர்மோனியக்காரர் பக்கம் திரும்பினீர்கள். மைக்கில் எல்லாமே கேட்டது.

“ஏனுங்கண்ணா, இது அந்தம்மா கட்டைங்க. எனக்கு நாலுங்க. மொதல்ல இருந்து வாங்க.”

அவர் விரல்களை நகர்த்தி வைத்தார்.

தலைவரின் ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலும் அப்படியே நின்றது. நீங்கள் மறுபடி தொடங்கினீர்கள். மூன்றாவது அடி வரும்வரை நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை. அது வந்தபோது ராணி பாடுவதுபோல இல்லை. பொழுது சாயும் நேரத்தில், இந்தச் சரிவில் நின்றுகொண்டு எதிர்ச் சரிவில் இருக்கும் பிள்ளையை ஒருத்தி கூப்பிடுவதுபோல இருந்தது. முதல் கைதட்டல் பெண்கள் பக்கமிருந்து வந்தது. தலைவர் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

அந்தம்மா நனைந்த சேலையோடு வந்து சேர்ந்ததும் மேடையை விட்டுக்கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“நல்லா இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சு அக்கா.”

“மாத்திரையம்மா, பொய்யி சொல்லாதீங்க.”

“முதல் தடவை நல்லா இல்ல.”

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தீர்கள். மேடையில் அந்தம்மா அதே பாட்டை எடுத்தார், ஐந்தரையில், துளி பிசிறில்லாமல். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இனிமே இது பழைய மாதிரி கேக்காதுங்களே” என்றீர்கள்.

எனக்கும் பழைய மாதிரி கேட்பதில்லை. அவர் உச்சிக்கு ஏறும்போதெல்லாம் அதற்குக் கீழே இன்னொரு குரல் என் காதில் ஓடுகிறது.

தை மாதம் மிளகு பறிக்க ஏணியில் ஏறியபோது நீங்கள் வழுக்கி விழுந்தீர்கள். ஆம்புலன்ஸ் மலையிறங்கும் முன்பே உயிர் போய்விட்டது. இந்த ஆடிக்கும் உங்கள் தலைவர் மாமா நாடகம்தான் வைத்தார்.