அறுபது கிலோமீட்டரில் ஏறும் முள்

மார்ச் 3
பெரிய பாலம் இடிந்ததும் ரயில்காரர்கள் நாற்பது நாள் வேலைநிறுத்தம் செய்ததும் ஒரே வருஷம். அந்த வருஷம்தான் இந்தக் காரை வாங்கினேன். முதல் சவாரிக்கு அப்பா, அம்மா, அக்கா, அத்தான், என் மனைவி என்று ஐந்து பேர் நெருக்கியடித்து ஏறினார்கள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல இந்தப் போன் எழுதிக்கொள்கிறது.

இன்று அக்காவைப் பார்க்கக் கிளம்பினேன். முந்நூறு கிலோமீட்டர். இருபத்தெட்டாம் தேதி அவளுடைய மகள் அவளை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போகிறாள். எண்பத்தாறு வயதில் போகிறவள் திரும்பி வருவாளா? வேகம் அறுபது கிலோமீட்டரைத் தாண்டியதும் என்ஜின் சூட்டு முள் சிவப்பில். ஓரங்கட்டி ஆறவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மார்ச் 7
மெக்கானிக் தெர்மோஸ்டாட் மாற்றினான், ரேடியேட்டரைக் கழுவினான். “ஊருக்குள்ள ஜம்முனு ஓடுதே தாத்தா. பேசாம பஸ்ல போங்களேன்.” என் முழங்கால் பஸ் படி ஏறாது. அதை அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 11
மறுபடி அறுபது. மறுபடி சிவப்பு. நாற்பதிலேயே உருட்டிக்கொண்டு முந்நூறு கிலோமீட்டர் போக என் உடம்பு தாங்காது. போனில் அக்கா சிரித்தாள். “காராடா வச்சிருக்கே? வெந்நீர் அடுப்பு!” பிறகு குரலை இறக்கி, “வந்துடுவேல்ல?” என்றாள்.

மார்ச் 12
யாரிடமும் பேசவில்லை, இந்தப் போனைத் தவிர.

மார்ச் 15
நின்றால் சூடாகும் வண்டிக்கு ஃபேன் கோளாறு. இது வேகத்தில் சூடாகிறது. அப்படியென்றால் எங்கோ தண்ணீர் ஓடவில்லை. நிறுத்தி பானட்டைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. என்ஜின் உறுமும்போது பார்க்கவேண்டும். ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, ஒருவர் குனிந்து பார்க்க.

அதற்கு என் மனைவி இருந்தாள். “போதுமா? கால் வலிக்குதுங்க!” என்று உள்ளேயிருந்து கத்துவாள்.

செங்கல் வைத்துப் பார்த்தேன், சறுக்கியது. ஒரு பெடலை மிதிக்க ஆளில்லாம போச்சே எனக்கு.

மார்ச் 19
மேல்வீட்டு நர்ஸ். நாலு வருஷமாகப் படிக்கட்டில் தலையசைப்போடு சரி. இன்று போய்க் கதவைத் தட்டினேன். “கொஞ்சம் காலைக் கடன் குடும்மா.”

“என்னது!”

விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே வந்து மிதித்தாள். ரேடியேட்டரின் கீழ் ரப்பர் ஹோஸ், தண்ணீரை இழுக்கிற வேகத்தில் சப்பையாக ஒட்டிக்கொண்டது. “விடும்மா!” விட்டதும் பழையபடி உருண்டை.

“அடைப்பா தாத்தா?”

“இல்லம்மா. ஹோஸ் சப்பையாகாம தாங்க உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கணும். அதைக் காணோம்.”

எடுத்தது யார்? நான்தான். நாலு வருஷம் முன்பு புது ஹோஸ் போட்டபோது, பழையதற்குள் இருந்த ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடும்படி மனைவியிடம் சொன்னேன். “எதுக்கோ வச்சிருக்காங்க” என்றாள் அவள். “எனக்குத் தெரியாததா?” என்றேன். அந்த மாதமே அவள் போய்ச் சேர்ந்தாள். அப்புறம் கார் கடைத்தெருவைத் தாண்டவில்லை. என் தப்பும் வெளியே வரவில்லை.

மார்ச் 20
அவளுடைய பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். பொத்தான்கள், பழைய சாவிகள். அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி, ஸ்பிரிங்.

மார்ச் 24
ஸ்பிரிங்கை மாட்டிக் கிளம்பினேன். முந்நூறு கிலோமீட்டரும் முள் பாதியைத் தாண்டவில்லை. அக்கா வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். “பின்னாடி எல்லாரும் ஏறியாச்சாடா?”

விளையாட்டுக்குக் கேட்டாளா, மறந்து கேட்டாளா?

“ஏறியாச்சுக்கா” என்றேன். தெருவை ஒரு சுற்று சுற்றினோம்.

மார்ச் 28
பத்தரைக்கு விமானம். அக்கா கண்ணாடிக் கதவுக்கு அந்தப்புறம் போய்த் திரும்பிக் கை காட்டினாள்.

அவளை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிவந்த வழியில் ஒரு தடவைகூடக் கார் நிற்கவில்லை. நின்றிருக்கலாம். திரும்பும்போது, முதல் சவாரிக்கு ஏறியவர்களை எண்ணிக்கொண்டே வந்தேன். அப்பா இல்லை, அம்மா இல்லை, அத்தான் இல்லை, அவள் இல்லை. இருப்பது அக்கா.