நாலு தட்டு தட்டச் சொன்னவள்

என் வயிற்றில் பிறக்காத பிள்ளை, மாப்பிள்ளை தயாளனுக்கு,

உங்களை அடித்துக் கொன்றார்கள். திருப்பதிக்கு வெளியே, போதை மறுவாழ்வு இல்லம் என்று பலகை மாட்டிய ஒரு வீட்டில், ஜன்னல் கம்பியோடு கையைச் சேர்த்துக் கட்டி, பிளாஸ்டிக் குழாயால் அடித்தார்கள். அவர்களுக்குப் போன் செய்து வேனை வரவழைத்தவள் நான். "நாலு தட்டு தட்டி வைங்க, அப்பதான் புத்தி வரும்" என்று சொன்னவளும் நான்.

மூன்றாம் நாள் மாரடைப்பு என்று எழுதிய காகிதத்தை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. உங்கள் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். முதுகில் உரியாத தோல் கொஞ்சம்தான் இருந்தது. உடலை அறுத்துப் பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தேன். விலா எலும்புகள் உடைந்து நுரையீரலில் குத்தியிருந்தன என்று அறிக்கை வந்தது. கேஸ் நடக்கிறது.

நீங்களும் கை சுத்தமானவர் இல்லை. என் மகள் செல்வி ஒளித்து வைத்த மாத்திரை அட்டையைக் கேட்டு அவள் மணிக்கட்டை முறுக்கினீர்கள். எலும்பு முறிந்த சத்தம் அடுப்படியில் நின்ற எனக்குக் கேட்டது. அதை நான் மன்னிக்கவில்லை. இப்போதும் இல்லை. அந்தச் சத்தம் காதில் இருக்கும்போதுதான் போனை எடுத்தேன்.

ஆனால் அன்று காலை நடந்ததையும் சொல்ல வேண்டும். சித்தூர் மாம்பழக் கூழ் பாக்டரியில், சீசனில் இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல நிற்பதற்காக மேஸ்திரி கொடுத்துப் பழக்கிய வலி மாத்திரை அது. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் மருந்தில் ஏழு மாதம் அதைத் தொடாமல் இருந்தீர்கள். நான் என்ன செய்தேன்? மாப்பிள்ளை வீட்டுக்கு முதல் காய்ப்பைக் கொண்டுபோகும் வழக்கத்தை விடக் கூடாது என்று, நகரியிலிருந்து பஸ் ஏறி, புத்தூரில் உங்கள் வீட்டு நடுவில் மாம்பழக் கூடையை இறக்கினேன். நீங்கள் சுவரோரம் ஒதுங்கினீர்கள்.

"இத வெளில வெச்சுடுங்க அத்தே. இந்த வாசன வந்தா வாயில மாத்திர கசக்குது. கை நடுங்குது பாருங்க."

"மாம்பழத்தப் பாத்து நடுங்குற ஆம்பளய இன்னிக்குதான் பாக்குறேன். கத உடாதீங்க மாப்ளே, துன்னுங்க!"

செல்வி சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனீர்கள். இருட்டும்போது மாத்திரை அட்டையோடு திரும்பி வந்தீர்கள்.

நீங்கள் இறந்த பிறகு அந்த டாக்டரம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் போதைப் பழக்கம் பற்றி ஒரு தெலுங்குப் புத்தகம் கொடுத்தார். பஸ் பலகை பார்த்துத் தெலுங்கு கற்றவள் நான். ஒரு மாதம் எழுத்துக்கூட்டினேன். இது நல்லது, மறுபடி செய் என்று கற்றுக்கொள்கிற இடம் ஒன்று மூளையில் இருக்கிறதாம். சோறும் பிள்ளையின் சிரிப்பும் அங்கே மெதுவாகப் பேசும். மாத்திரை கத்தும். கத்திக் கத்தி மற்ற எதுவும் காதில் விழாமல் செய்துவிடும். மாத்திரை போட்டபோது சுற்றி இருந்த வாசனையையும் அந்த இடம் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. மாத்திரையை விட்டாலும் கற்றது போவதில்லை. வாசனை வந்தால் உடம்பு முந்திக்கொள்கிறது.

எனக்கு இது புரியாதா? முப்பது வருடம் பவர்லூம் ஓட்டுகிறேன். நூல் அறுந்தால் நான் நினைப்பதற்கு முன்பே கை போய்த் தறியை நிறுத்துகிறது. என்னைக் கட்டி வைத்து அடித்தால் இந்தக் கை அதை மறக்குமா? அப்படியென்றால் உங்களை அடித்து எதை மறக்கடிக்கப் பார்த்தோம்?

நேற்று வக்கீல் சொன்னார்: "அந்த நாலு தட்டு விஷயத்த மட்டும் கோர்ட்ல எடுக்காதம்மா. வீட்டுக்காரங்களே அடிக்கச் சொன்னாங்கனு எதிர் வக்கீல் புடிச்சிக்கினு, உன்னயும் கேஸ்ல இழுத்துடுவான்."

"இழுக்கட்டும். சொன்னது நாந்தான?"

"எம்மா, உன்னயும் உள்ள வெச்சுட்டா நான் யாராண்ட போவேன்?" என்றாள் செல்வி, கட்டுப் பிரித்த கையோடு. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்த இல்லத்தில் ஆளை அடைக்க வருகிற எல்லா வீட்டுக்காரர்களும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். அந்த வார்த்தையின் தைரியத்தில்தான் அந்தக் குழாய் ஓங்குகிறது. நான் மறைத்தால் அது நாளைக்கும் ஓங்கும்.

இனி நடக்க வேண்டியவை இவை. ஆட்களை நிற்க வைக்க மாத்திரை நீட்டுகிற மேஸ்திரியைப் போலீஸ் பிடிக்க வேண்டும். நிற்க முடியாதவர்களை உட்கார விட பாக்டரி முதலாளி கற்றுக்கொள்ள வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடைக்காரர் அந்த அட்டையைத் தொடக் கூடாது. அதிகாரிகள் சொல்லாமல் போய், இப்படிப் பூட்டிய வீடுகளைத் திறந்து, உள்ளே இருப்பவர்களின் முதுகைப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள், கை நடுங்குகிறது என்று ஒருவர் சொன்னால் சிரிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். அடித்தவர்கள் ஜெயிலுக்குப் போக வேண்டும். நான் அடுத்த வாய்தாவுக்குச் சித்தூர் கோர்ட்டுக்குப் போய், கூண்டில் ஏறி, போனில் சொன்னதை ஒரு எழுத்து குறையாமல் சொல்ல வேண்டும். சொல்வேன், மாப்பிள்ளை.

செல்வியைப் பெற்றவள்,
உங்கள் அத்தை